ஒன்பதாம் நிலையில் என் வலது முழங்கால்

இந்த வாரம் எழுதப்போகும் நிகழ்ச்சிக்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை. நான் அரசாங்க நீர்ப்பாசனப் பகுதியில் பணியாற்றியவன். பாரிட் புந்தார் வயல்வெளிகளின் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் பொறுப்பாளனாக இருந்து, ஒரு குறையும் எழுதப்படாமல் ஓய்வு பெற்றவன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து கல்லூரி வாசலை மிதித்த எங்கள் தலைமுறையின் முதல் சிலரில் ஒருவன். ஈப்போவில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பெரியவர் சிறியவர் எல்லோரும் என்னை ‘சார்’ என்றே அழைப்பார்கள். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. அந்த மரியாதையை நான் கேட்டு வாங்கவில்லை, மறுக்கவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் தமிழ் மக்கள் நடத்தும் சிலுவைப் பாதையை முன்னின்று நடத்தும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையது. பிற சமயத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இயேசு சிலுவை சுமந்து நடந்த வழியைப் பதினான்கு நிலைகளாகப் பகுத்து, ஒவ்வொரு நிலையிலும் நின்று, முழந்தாளிட்டு, மன்றாடி, எழுந்து, அடுத்த நிலைக்கு நடப்பது அந்த வழிபாடு. முன்னால் நிற்பவர் முழந்தாளிட்டால் கூட்டம் முழந்தாளிடும். அவர் எழுந்த பிறகே கூட்டம் எழும்.

இந்த வழக்கத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நடந்தவை யாவும் இதனால் நடந்தவை.

இலை கொட்டிய மாலை

சுங்கை சிப்புட் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் மண்பாதையில், நான் பிறந்த தோட்டத்தின் சிறு கோயில் இன்னும் நிற்கிறது. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயிலுக்குப் போகும் பாதையின் ஓரத்தில் மட்டும் பழைய ரப்பர் மரங்கள் ஒரு வரிசை, யாரோ வெட்ட மறந்ததைப் போல் மிஞ்சியிருக்கின்றன. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நகரத்துக்குப் போய்விட்ட குடும்பங்கள் எல்லாம் கார்களிலும் ஒரு வாடகைப் பேருந்திலும் அங்கே வந்து சேரும். பதினான்கு நிலைகளின் படங்களும் அந்த மரங்களில் மாட்டப்படும். பால் வெட்டிய பழைய தழும்புகளுக்குச் சற்று மேலே ஆணி அடிப்பார்கள்.

தவக்காலமும் ரப்பர் மரங்கள் இலை கொட்டும் பருவமும் எங்கள் நாட்டில் ஒன்றாகவே வரும். அன்று மாலை காற்று இல்லை. ஆனாலும் இலைகள் விழுந்துகொண்டே இருந்தன. செம்பு நிறம், மஞ்சள், காய்ந்த ரத்தத்தின் நிறம். ஒவ்வொன்றும் தான் எங்கே இறங்குவது என்று யோசித்துக்கொண்டே இறங்குவதுபோல் இறங்கியது.

ஒன்பதாம் நிலை. இயேசு மூன்றாம் முறை தரையில் விழுவது. நான் முழந்தாளிட்டேன். எனக்குப் பின்னால் செருப்புகள் உரசி, சேலைகள் மடிந்து, கூட்டம் முழந்தாளிட்டது. மன்றாட்டு முடிந்தது. எழ வேண்டும் என்று நினைத்தேன்.

முழங்கால் அந்த நினைப்பைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுபடியும் முயன்றேன். உடல் முழுவதும் என்னோடு இருந்தது. வலது முழங்கால் மட்டும் வேறு யாருடையதோ போல் செம்மண்ணில் ஊன்றிக் கிடந்தது. ஒரு இலை என் சட்டைக் கையில் விழுந்தது. இன்னொன்று விரித்த செபப் புத்தகத்தின் மேல் விழுந்து, அடுத்து நான் வாசிக்க வேண்டிய வரியை மறைத்தது. செம்பனைக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, போய், சத்தம் தேய்ந்து, பிறகு எதுவும் இல்லை.

பின்னால் ஒருவரும் அசையவில்லை. நான் எழாததால் அவர்களும் எழவில்லை. அவர்களை அந்த நிலையிலேயே சற்று நேரம் விட்டுவிட்டுப் பின்னோக்கிப் போகிறேன். அவர்கள் பொறுமையானவர்கள்.

மதகு தந்த எச்சரிக்கை

பாரிட் புந்தாரில் வயலுக்குத் தண்ணீர் விடும் காலம் ஒரு கனவுக்கு ஒப்பானது. நேற்றுவரை வெறும் சேறாக இருந்த வெளியில் விடியும்போது வானம் கிடக்கும். கொக்குகள் மேகத்தின் மேல் நடக்கும். மதகுக் கதவைத் திருகித் தூக்கும் சக்கரத்தின் அருகே நான் நிற்பேன். இரும்பு இரும்போடு உரசும் ஓசையிலிருந்தே, எந்தக் கதவின் ஓரத்து ரப்பர் தேய்ந்துவிட்டது, எந்தத் தண்டுக்கு மசகு போடவில்லை என்று சொல்லிவிடுவேன். என் காது அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது.

அதே ஓசை பல ஆண்டுகளுக்குப் பிறகு என் வீட்டு மாடிப்படியில் கேட்டது. நான் அதை அடையாளம் காணவில்லை. காண விரும்பவில்லை என்பதே சரியாக இருக்கலாம்.

எங்கள் மகள் தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையில் பொறியாளர். அவளைப் பார்க்கக் காரோட்டிப் போய் இறங்கும்போது வலது கால் உடனே நீளாது. கதவைப் பிடித்துக்கொண்டு, தூரத்து மலைத்தொடரைப் பார்ப்பவனைப் போல் சிறிது நேரம் நிற்பேன். பிறகு நடந்தால் சரியாகிவிடும். “அப்பாவுக்கு மலைன்னா ரொம்பப் பிடிக்கும்” என்று மகள் தன் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

என் மனைவி பிலோமினா மட்டும் ஏமாறவில்லை. நான் படியேறும்போது அடுக்களையில் இருந்தபடியே, “சத்தம் வருதுங்க” என்பாள். படியின் சத்தம் என்பேன். நம் வீட்டுப் படி சிமெண்டு என்று அவள் நினைவூட்டுவாள்.

குதிரைப் படம் போட்ட பொட்டலம்

லூர்துவைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு சொன்னதில்லை. நானும் அவனும் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் பிறந்தவர்கள். ஈப்போவின் சிலிபின் பகுதியில் டயர்க் கடை வைத்திருந்து இப்போது மகனிடம் கொடுத்துவிட்டான். பங்கில் என்னை ‘சார்’ என்று அழைக்காத ஒரே ஆள். மச்சான் என்பான், பங்குச் சாமியார் முன்னிலையிலும்.

அவன்தான் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தான். பாயும் குதிரையின் படம். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. உள்ளே பழுப்பு நிற மாத்திரைகள். இரவுச் சந்தையில் ஒருவர் விற்பதாகவும், வெறும் வேர், பட்டை, இலைதான் என்றும் சொன்னான்.

“எங்க மாமியாரு இத சாப்பிட்டுட்டு கேமரன் மலைக்கே போய்ட்டு வந்துட்டாங்க லா, மச்சான்.”

“பஸ்ஸிலா?” என்றேன்.

“பஸ்ஸுலதான். ஆனா எறங்கி நடந்தாங்க.”

நான் சிரித்தேன். சாப்பிட்டேன். படித்த நான் இதைச் செய்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. மருத்துவரிடம் போனால் கிளினிக்கின் காத்திருப்பு நாற்காலியில் உட்கார வேண்டும்; பங்கைச் சேர்ந்த யாராவது பார்ப்பார்கள்; ஞாயிற்றுக்கிழமைக்குள் என் முழங்கால் பொதுச் செய்தியாகிவிடும். சிலுவைப் பாதையை முன்னின்று நடத்தக் கீழே உட்கார்ந்து எழத் தெரிந்த ஓர் ஆளைத் தேடத் தொடங்குவார்கள். மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

சில நாள்களில் வலி காணாமல் போனது. அடுத்து வந்த மாதங்களை நான் இன்றும் ஒருவித மயக்கத்தோடுதான் நினைக்கிறேன். சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் ஏரியைச் சுற்றி விடியற்காலையில் நடப்பேன். குன்றுகள் பனியில் பாதி கரைந்து நிற்கும். தண்ணீரில் அவற்றின் மறுபாதி மிதக்கும். கால் தரையில் படுகிறதா என்று ஐயப்படும்படி நடை இருந்தது. முகம் நிறைந்து உருண்டது. கோயிலில் கை குலுக்கியவர்கள், சார் செழிப்பாக இருக்கிறார் என்றார்கள். பங்கின் சுவரில் மாட்ட ஒரு படமும் எடுத்தார்கள்.

அந்தப் படம் இன்னும் அங்கே இருக்கிறது. அதில் இருப்பது நான் அல்ல. எப்படி என்பதைச் சொல்கிறேன்.

கையை மேசை விளிம்பில் லேசாக இடித்துக்கொண்டால்கூடத் தோலுக்கடியில் ஊதா நிறம் பரவத் தொடங்கியது. சர்க்கரை ஏறியது. இரத்த அழுத்தம் ஏறியது. பிலோமினா என்னை ஒரு காலை வேளையில் உற்றுப் பார்த்துவிட்டு, காரில் ஏறச் சொன்னாள். எங்கே என்று கேட்டேன். அவள் காரைக் கிளப்பிவிட்டாள்.

“இந்த முகம் உங்களோடது இல்ல”

கிளினிக்கில் இருந்த பெண் மருத்துவர் என் முழங்காலைத் தொடவே இல்லை. முதலில் முகத்தைப் பார்த்தார். என் அடையாள அட்டையில் இருந்த பழைய படத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

“சார், இந்த முகம் உங்களோடது இல்ல. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

மூலிகை என்றேன். அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். மூலிகை என்று விற்கப்படும் இப்படிப்பட்ட மாத்திரைகளில் ஸ்டீராய்டு என்னும் மருந்தை ஓசையின்றிக் கலந்துவிடுகிறார்கள் என்றும், முகம் உருண்டதும் தோல் மெலிந்ததும் சர்க்கரை ஏறியதும் அதன் அடையாளங்களாகத் தெரிகின்றன என்றும் விளக்கினார். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அன்று. தேவையானவர்களுக்கு, தேவையான அளவில், மருத்துவரின் கண்காணிப்பில் அது உயிர் காக்கும். யார் கலந்தார், எவ்வளவு கலந்தார் என்று தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்குவதுதான் ஆபத்து.

இன்றே தூக்கி எறிந்துவிடுகிறேன் என்று வீரமாகச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். அதைவிட ஆபத்து வேறில்லை என்றார். உடல் தானாகச் சுரந்துகொண்டிருந்த ஒன்று, வெளியிலிருந்து அதே பொருள் வரவர, தன் வேலையை நிறுத்திவிட்டிருக்கும். வெளி வரவைத் திடீரென்று நிறுத்தினால் உடல் தடுமாறி விழும். சோதனைகள் செய்து, அளவு தெரிந்த மருந்தாக மாற்றி, சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இதை நான் உடனே புரிந்துகொண்டேன். மேல் வாய்க்காலிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் கீழ் மதகு மூடியே கிடக்கும், துரு ஏறும். மேலே ஒரே நாளில் அடைத்துவிட்டால் வயல் காயும். மெல்லக் குறைத்தால்தான் கீழ் மதகைத் திறந்து பழக்க முடியும். அவரிடம் இதைச் சொன்னேன். நோயாளிகளுக்குச் சொல்ல இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். என் பெயரைச் சொல்லாமல் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

பிறகுதான் முழங்கால். எக்ஸ்ரே என்னும் ஊடுகதிர்ப் படத்தில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி உட்புறத்தில் மெலிந்து கிடந்தது. எலும்பின் நுனிகளில் மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது. இதற்கு மூட்டுத் தேய்மானம் என்று பெயர். வயது, உடல் எடை, பழைய அடிகள், குடும்பவாகு என்று காரணங்கள் பல. தேய்ந்தது மீண்டும் வளரும் என்று யாராவது மாத்திரை விற்றால் வாங்க வேண்டாம். ஆனால் வலியைக் குறைக்க முடியும், நடையைக் காப்பாற்ற முடியும். மிகவும் முற்றினால் செயற்கை மூட்டு பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது; இப்போது அந்தப் பேச்சே தேவையில்லை.

பச்சைப் பயறு

அரசு மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்கு என்னைக் காரோட்டி அழைத்துப் போனவன் லூர்து. குற்ற உணர்வில் அவன் ஒரு மாத காலம் குறைவாகப் பேசினான். உள்ளே வந்து, சுவரோரம் நின்று, எனக்குச் சொல்லித்தரப்பட்டதையெல்லாம் தானும் கேட்டுக்கொண்டிருந்தான்.

சிகிச்சை தந்தவர் புவான் ஆய்டா என்னும் மலாய்ப் பெண்மணி. மூட்டைக் காப்பது தொடைத் தசை என்றார். தசை பலமாக இருந்தால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். வலிக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தால் தசை மெலியும், பாரம் முழுவதும் மூட்டில் விழும், வலி கூடும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை மெல்ல நீட்டி, சற்று நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். நான் அவசரமாகச் செய்தேன். “பெர்லாஹான், பாச்சிக்” என்றார். மெதுவாக, பெரியவரே. என்னிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் அதுவரை இல்லை.

வீட்டில் கணுக்காலில் கட்டப் பாரம் வேண்டுமே என்று தேடியபோது பிலோமினா பச்சைப் பயறுப் பொட்டலம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டாள். மாலை வேளைகளில், வெளியே மழை இறங்க, நான் காலில் பயறு கட்டிக்கொண்டு நீட்டியும் மடக்கியும் இருப்பேன். பயறு உள்ளே மெல்லச் சரசரக்கும். தூரத்தில் யாரோ வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட ஓசை போல இருக்கும் அது.

எடையைக் குறைக்கச் சொன்னார்கள். இரவுச் சோறு பாதியாயிற்று. வலி கூடிய நாளில் பூசிக்கொள்ளக் களிம்பு. கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வலது முழங்காலில் வலி என்றால் தடி இடக் கையில் இருக்க வேண்டுமாம். தடியை வாங்கினேன். அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

கடைசியாக, முழந்தாளிடுவதை விட்டுவிடச் சொன்னார் புவான் ஆய்டா. எப்போதாவது கீழே உட்கார நேர்ந்தால், அசையாத ஒன்றை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, நல்ல காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். சுவரோரம் நின்ற லூர்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

தவக்காலம் நெருங்கியது. ஸ்டீராய்டு முற்றிலும் நின்றுபோயிருந்தது. என் முகம் எனக்குத் திரும்பியது, வலியும் திரும்பியது. தசைகள் இன்னும் போதிய அளவு தேறவில்லை.

“நாற்காலி போட்டு உட்காந்து நடத்துங்க. பங்குச் சாமியே சொல்லிட்டாரு” என்றாள் பிலோமினா.

முன்னால் நிற்பவன் உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“நிப்பாங்க. அவங்களுக்குக் கால் இருக்கு.”

நான் அந்தப் பேச்சை அத்துடன் முடித்தேன். என் இடத்தில் நான் முழந்தாளிடுவேன் என்றேன்.

கனத்த மரம்

ஆக, செம்மண்ணில் நான். பின்னால் கூட்டம். மேலே இலைகள்.

முதல் நிலைகளை மன உறுதியால் கடந்தேன். பிறகு ஒவ்வொரு முறையும் எழும்போது கண்ணுக்குள் வெள்ளைப் பூச்சிகள் பறந்தன. ஒன்பதாவதில் உறுதி தீர்ந்துபோனது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. நேரம் வாய்க்காலில் நின்ற தண்ணீர் போல் நகராமல் கிடந்தது. யாரோ மூக்குறிஞ்சினார்கள். ஒரு பெண் மெல்ல விசும்பத் தொடங்கினாள். என்னைப் பார்த்துத்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த ஆண்டு சிலுவை சுமக்கும் முறை லூர்துவுடையது. காட்டு மரத்தில் தோட்டத்துத் தச்சர் செய்த பழைய சிலுவை, நல்ல கனம். அவன் அதைத் தோளிலிருந்து இறக்கி, என்னை நோக்கி நடந்து வந்து, அதன் அடியை என் முன்னால் மண்ணில் ஆழமாக ஊன்றி, முழு பலத்தோடு பிடித்துக்கொண்டான். குனிந்தான். டயர்க் கடைக்காரனின் மூச்சு என் காதில் பட்டது.

“மச்சான், புடி. நல்ல காலை முன்ன போடு. ஒண்ணும் பேசாத.”

இரு கைகளாலும் சிலுவையைப் பற்றினேன். இடக் காலை முன்னால் ஊன்றினேன். நெற்றி மரத்தில் பதிந்தது. வெயில் வாங்கிய மரத்தின் வாசனை. வலி என்னைக் கீழிருந்து மேலாகப் பிளந்து ஏறியது. கண்ணில் நீர் பெருகி வழிந்தது. எழுந்துவிட்டேன். எழுந்த பிறகும் கைகளை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்திருப்பேன்.

கூட்டம் எழுந்தது. பாட்டு தொடங்கியது. அவ்வளவு உருக்கமாக அவர்கள் பாடி நான் கேட்டதில்லை. மீதி நிலைகளை நின்றபடியே நடத்தி முடித்தேன்.

பரவிய கதை

பேருந்து ஈப்போவை அடைவதற்கு முன்பே படம் பலருடைய கைப்பேசிகளில் இருந்தது. இலைகள் சொரிய, ஒரு முதியவர் சிலுவையை அணைத்துக் கண்ணீர் விடுகிறார். நல்ல படம். அதை எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் நிலையில் சார் தன்னை மறந்துவிட்டார் என்றார்கள். ஏதோ ஒன்றைக் கண்டார் என்றார்கள். பயிற்சியால் அடுத்த சில மாதங்களில் என் நடை தேறியபோது, அன்று சிலுவையைத் தொட்டபோதே வலி தீர்ந்துவிட்டது என்று கதை நீண்டது. பங்கின் ஆண்டு மலரில் அந்தப் படம் முழுப் பக்கத்தில் வந்தது. மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். நான் புன்னகை செய்தேன். கேட்டு வாங்கவில்லை, மறுக்கவும் இல்லை.

மறு ஆண்டின் தவக்காலம் தொடங்கிய பின் ஒரு மாலை. கோயில் வளாகத்தில் மாதாவின் சிலை நிற்கும் குகை போன்ற கெபியின் முன்னால், சரளைக் கற்களின் மேல் ஒரு பெண் முழந்தாளிட்டிருந்தாள். சிலிபின் அடுக்குமாடியில் இருக்கும் செசிலி. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலை பார்த்தவள். அவள் கைகளைப் பார்த்தேன். விரல் முட்டுகள் வீங்கிப் பளபளத்தன. எழ முயன்று முடியாமல் அப்படியே அமர்ந்தாள். அந்த அசைவை எனக்குத் தெரியும்.

நானும் பிலோமினாவும் இரு பக்கமும் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தோம். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“சார் மாதிரிதான் பண்றேன், சார். வாரத்துக்கு ஒருக்கா போடுற மாத்திரைய நிறுத்திட்டேன். வலியோட முழங்கால் போட்டா தீந்துரும்னு சொன்னாங்க. ஒங்களுக்குத் தீந்துச்சே.”

பிலோமினா என்னைப் பார்த்தாள். அவள் பேசாதபோது வீட்டில் நான் இருக்கும் அறையே சிறுத்துவிடும். அன்று கோயில் வளாகம் சிறுத்தது.

எழுபது வயதைத் தாண்டிய எனக்குச் சேர்ந்த ஒரே சொத்து மற்றவர்கள் வாயில் என் பெயர். அந்தப் பெயரின் உச்சியில் அந்தப் படம் இருந்தது. இதை நான் அந்தப் பெஞ்சின் அருகே நின்றபோது தெளிவாக அறிந்திருந்தேன்.

“செசிலி, நான் அன்னைக்கு ஜெபம் பண்ணல. எந்திரிக்க முடியல. லூர்துதான் தூக்கிவிட்டான்.”

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அப்ப அந்தக் கண்ணீரு, சார்?”

“வலி.”

கெபியின் மெழுகுவர்த்திகள் காற்றில் சாய்ந்து மீண்டன. அவள் தன் வீங்கிய கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

“நானும் டெய்லி வலியிலதான் அழுவறேன், சார். ஒரு பய போட்டோ எடுக்கல.”

மறுநாள் பிலோமினா அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். செசிலியின் நோய் என் நோய் அன்று. என்னுடையது தேய்மானம். அவளுடையது முடக்குவாதம், உடலின் காவல் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய். காலையில் விறைப்பு எளிதில் விடாது, சிறு மூட்டுகள் இரு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கும். அதற்குத் தரும் மருந்து வலியை மறைப்பதற்காக மட்டும் தரப்படுவதில்லை. மூட்டு சிதையாமல் காப்பதற்குத் தரப்படுகிறது. மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தவே கூடாது. மருந்து மீண்டும் தொடங்கியது, இரத்தச் சோதனைகளோடு. வீக்கம் வடிந்தது. வலக் கையின் ஒரு விரல் மட்டும் இன்றுவரை நீளவில்லை.

அந்த விரலை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். வழிபாட்டில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை குலுக்கும்போது அது என் உள்ளங்கையில் மடிந்தே இருக்கும்.

மடக்கு நாற்காலி

அந்த ஆண்டின் சிலுவைப் பாதைக்கு நான் இடக் கையில் தடியோடு போனேன். லூர்து ஒரு மடக்கு நாற்காலியைச் சுமந்து வந்தான். ஒவ்வொரு நிலையிலும் அதை விரித்தான். நான் உட்கார்ந்து வாசித்தேன். கூட்டம் முதல் நிலையில் சற்றுக் குழம்பியது. முடிந்தவர்கள் முழந்தாளிட்டார்கள், முடியாதவர்கள் நின்றார்கள். செசிலி நின்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர் தயங்கித் தயங்கி நின்றார்கள். நம்மில் இத்தனை பேருக்கு முழங்கால் வலியா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ரப்பர் இலைகள் அன்றும் விழுந்தன. ஒன்று என் மடியில் விழுந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.

அடுத்த வாரமே புதுப் பேச்சு. சாருக்கும் பங்குத்தந்தைக்கும் மனத்தாங்கலாம். அதனால்தான் முழந்தாளிட மறுக்கிறாராம். படித்தவர் அல்லவா, ஆண்டவர் முன்னாலும் நாற்காலி கேட்கிறார் என்று ஒருவர் சொன்னதாக லூர்து வந்து சொன்னான்.

“பீடத்துலேர்ந்து எறக்கிட்டாங்க லா, மச்சான்” என்றான். நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பங்குக் கோயிலில் நடக்கும் சிலுவைப் பாதைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான்.

எனவே, அச்சில் வந்ததை அச்சிலேயே திருத்துகிறேன். ஆண்டு மலரில் என் படத்தின் கீழ் உள்ள செய்தி தவறு. அன்று ஒன்பதாம் நிலையில் நான் தியானத்தில் இல்லை. சிலுவையை அணைக்கவில்லை, பிடித்து எழுந்தேன். என் வலி தீரவில்லை. குறைந்திருக்கிறது, அதற்குக் காரணம் பயிற்சி. பங்குத்தந்தையோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. எனக்கு வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது.